நேர்ப்படியும் பதிப்பும்: நியூரம்பெர்க் டிரம்பெட்டின் மீளாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

'படி' என்னும் சொல்லுக்குத் தமிழ்ப் பதிப்புலகில் தனிப்பொருள் உண்டு. ஓர் ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்ட மற்றொரு சுவடி படி எனப்படும். படியெடுத்தவர் மூலத்தில் உள்ளதை உள்ளவாறே எழுதினாரா, சிதைந்த இடத்தைத் தாமே நிரப்பினாரா, தமக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றினாரா என்னும் வினாக்களின் மீதே மூலபாடத் திறனாய்வு எழுந்து நிற்கிறது. இவ்வினாக்கள் நூலுக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் பொருந்துவன. அருங்காட்சியகத்தில் உள்ள பழைய இசைக்கருவி ஒன்றைப் பார்த்து இன்றைய வினைஞர் அதுபோன்ற கருவியைச் செய்யும்போது அவரும் ஒரு படியையே ஆக்குகிறார். அத்தகைய படி இக்கட்டுரையில் நேர்ப்படி என்று சுட்டப்பெறுகிறது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் செய்யப்பட்ட பித்தளை டிரம்பெட்டுகளுக்கு 1960 முதல் பல நேர்ப்படிகள் தோன்றியுள்ளன. பாக், ஹேண்டல் ஆகியோரின் இசையை அவர்கள் காலத்துக் கருவிகளிலேயே கேட்க வேண்டும் என்னும் வேட்கை இவற்றுக்குக் காரணமாயிற்று. இந்நேர்ப்படிகளில் பெரும்பாலானவை மூலத்தில் இல்லாத ஒரு திருத்தத்தைத் தம்முள் கொண்டுள்ளன. அத்திருத்தத்தின் இயல்பையும் விளைவையும் பதிப்பியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

இன்றைய டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு. அவற்றை அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றி எல்லாச் சுரங்களையும் எழுப்பலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்வு புனையப்படுவதற்கு முன்னிருந்த டிரம்பெட் வேறு வகையினது. வால்வும் இல்லை, விரல்துளையும் இல்லை. நம் கோயில்களில் ஊதப்படும் எக்காளமும் திருச்சின்னமும் எவ்வாறு வெறும் குழலாக நின்று ஒலிக்கின்றனவோ அவ்வாறே இதுவும் ஒலித்தது. இதனை இயற்கை டிரம்பெட் என்பர்.

வெறும் குழலில் இதழின் இறுக்கத்தை மாற்றுவதால் மட்டுமே சுரம் மாறும். அவ்வாறு எழும் சுரங்கள் ஊதுவோர் விரும்பியவை அல்ல. ஓர் அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களாக இயற்கை வகுத்தவை. கீழ்ப்பகுதியில் இச்சுரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும். எட்டாவது சுரத்திலிருந்து அவை நெருங்கி வருவதால் அப்பகுதியில் தொடர்ச்சியான இசைநடை கிடைக்கும். இதனைப் பயன்கொள்வதற்காகவே குழல் நீளமாகச் செய்யப்பட்டது. இன்றைய வழக்கமான டிரம்பெட்டின் குழல் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுடையது. பழைய இயற்கை டிரம்பெட்டின் குழலோ 2 மீட்டருக்கும் மேற்பட்டது.

இயற்கை வகுத்த வரிசையில் இரண்டு சுரங்கள் ஐரோப்பிய இசைக்கு இடர் தந்தன. எட்டாவது சுரத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால் பதினோராவது சுரம் சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையே விழுகிறது. பதின்மூன்றாவது சுரம் சுத்த தைவதத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் இடையே விழுகிறது. இவ்விரண்டையும் ஊதுவோர் தம் இதழால் வளைத்து உரிய இடத்துக்குக் கொணர வேண்டியிருந்தது. முழுமையாகக் கொணர இயலாத இடங்களில் அச்சுரம் சற்றே பிறழ்ந்து ஒலித்தது. இசையமைத்தோரும் இதனை அறிந்தே எழுதினர்.

நியூரம்பெர்க் மரபு

இக்கருவியைச் செய்வதில் நியூரம்பெர்க் நகரம் தலைமையிடம் பெற்றிருந்தது. ஷ்னிட்சர், ஹைன்லைன், ஹாஸ், ஏஹெ முதலிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் ஈடுபட்டன. யோஹான் வில்ஹெல்ம் ஹாஸ் (1649–1723) செய்த கருவிகள் பிற நாட்டு அரசவைகளிலும் விரும்பப்பட்டன. ஒவ்வொரு பட்டறைக்கும் தனி முத்திரை உண்டு. ஹாஸ் குடும்பத்தின் முத்திரை முயல் ஆகும். அக்குடும்பப் பெயரின் பொருளும் அதுவே.

இவர்கள் பயன்படுத்திய பித்தளை இன்றைய பித்தளையினின்று வேறுபட்டது. துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்துச் செம்புடன் கலக்கும் முறை ஐரோப்பாவில் அப்போது வழக்கில் இல்லை. துத்தநாகக் கனிமத்தூளையும் கரியையும் செம்புடன் மூசையில் இட்டுச் சூடேற்றினர். இம்முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவதில்லை; ஈயம் போன்ற பிற உலோகங்களும் சிறிதளவு தங்கிவிடும். இவ்வாறு பெற்ற பித்தளையைச் சம்மட்டியால் அடித்துத் தகடாக்கினர். ஆதலால் தகட்டின் கனம் எங்கும் ஒரே சீராக இருந்ததில்லை.

தகட்டைப் பட்டையாக வெட்டி எஃகுக் கோலின் மேல் சுற்றி, விளிம்புகளைப் பற்றாசு வைத்து இணைத்துக் குழாய் செய்தனர். வளைவுகளுக்கு வேண்டிய குழாயில் ஈயத்தை உருக்கி ஊற்றி, அது இறுகிய பின் வளைத்து, மீண்டும் உருக்கி வடித்தனர். நாகசுவரத்தின் அணசு போல விரியும் முன்வாயைத் தனித்தகட்டில் வெட்டி இணைத்துச் சுத்தியலால் அடித்து விரித்தனர். அதன் விளிம்பைச் சுற்றிப் பொருத்திய பட்டையில் செய்தவர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டன. குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று நிலையாகப் பற்றவைக்கப்படவில்லை. ஒன்றனுள் ஒன்று செருகப்பட்டுத் தேன்மெழுகால் அடைக்கப்பட்டன. இடையே மரக்கட்டை ஒன்று வைக்கப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டது. பழுது நேர்ந்தால் முழுக்கருவியையும் எளிதில் பிரித்துச் செப்பனிடலாம்.

எஞ்சியுள்ள மூலக்கருவிகளை இன்று தொடர்ந்து ஊதுதல் பொருந்தாது. ஊதுவோர் மூச்சின் ஈரம் உட்புறத்தை அரிக்கும். மெலிந்த தகடு கையாளும்போது நெளியும். பழங்கருவியைப் பேணுதலும் இசைத்தலும் எங்ஙனம் முரண்படுகின்றன என்பதைக் கனடா நாட்டுப் பேணற்கலை அறிஞர் ராபர்ட் பார்க்லே 2004இல் ஒரு தனி நூலாகவே எழுதியுள்ளார். ஆகவே நேர்ப்படி ஆடம்பரமன்று. மூலத்தைக் காப்பதற்கும் அதன் ஒலியை அறிவதற்கும் இன்றியமையாத இடைப்பொருள் ஆகும்.

1960ஆம் ஆண்டின் திருத்தம்

பழைய மரக்குழல் கருவிகளை மீளாக்கிப் பெயர்பெற்ற ஓட்டோ ஸ்டைன்கோப்ஃப் 1960இல் வினைஞர் ஹெல்முட் ஃபிங்கேயுடன் சேர்ந்து ஒரு டிரம்பெட்டை உருவாக்கினார். லைப்சிக் நகரில் பாக்கின் முதன்மை டிரம்பெட் கலைஞராக விளங்கிய கோட்ஃப்ரீட் ரைஹெயின் (மறைவு 1734) உருவப்படத்தை ஹவுஸ்மன் என்னும் ஓவியர் தீட்டியுள்ளார். அப்படத்தில் ரைஹெ கையில் வட்டமாகச் சுருட்டிய ஒரு கருவி உள்ளது. ஸ்டைன்கோப்ஃபின் கருவி அவ்வடிவைப் பின்பற்றியது. ஆனால் ஓவியத்தில் காணாத மூன்று சிறு துளைகள் அதில் இடப்பட்டன. கொலோன் நகரின் வால்டர் ஹோலி இதனை முதலில் கையாண்ட கலைஞர் ஆவார். பின்னர் இங்கிலாந்தில் மைக்கேல் லேயர்ட் நான்கு துளைகள் கொண்ட அமைப்பை நீண்ட வடிவ டிரம்பெட்டுக்குப் பொருத்தினார். இவ்விரு முறைகளுமே உலகெங்கும் பரவின.

துளையின் பயன் இருவகைப்பட்டது. கட்டைவிரல் துளையைத் திறந்தால் குழலின் சுரவரிசை முழுவதும் வேறு ஆதாரத்துக்கு மாறும். அப்போது பிறழ்ந்து நின்ற மத்தியமமும் தைவதமும் வேறு வரிசையின் செவ்விய சுரங்களாகக் கிடைக்கும். ஏனைய துளைகள் நெருங்கி நிற்கும் சுரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை விலக்கும். அதனால் ஊதுவோர் தவறிப் பக்கத்துச் சுரத்தில் விழும் இடர் குறையும்.

இத்திருத்தத்தால் நேர்ந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. இரண்டு நூற்றாண்டுகளாக அறுந்துபோன ஒரு கலையைத் தம் தலைமுறையிலேயே மேடையேற்ற விரும்பியோர்க்குத் துளை ஓர் ஊன்றுகோலாயிற்று. பிழையின்றி ஒலிக்க வேண்டும் என ஒலிப்பதிவுக்கூடங்கள் எதிர்பார்த்த காலத்தில் அஃது இன்றேல் பாக்கின் டிரம்பெட் இசை பழங்கருவியின் வடிவில் இவ்வளவு விரைவாகக் கேட்போரை அடைந்திராது. துளைக்கு வரலாற்றுச் சான்று அறவே இல்லை என்றும் கூறவியலாது. இலண்டனில் வில்லியம் ஷா 1787இல் செய்த டிரம்பெட் ஒன்றில் துளைகள் உள்ளன. எனினும் அது பாக் மறைந்து 37 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் எழுந்த கருவி. அதனைக் கொண்டு நியூரம்பெர்க் கருவிக்குத் துளை கற்பித்தல், பிற்காலச் சுவடியின் பாடத்தை முற்காலச் சுவடியில் ஏற்றுதலை ஒக்கும்.

சொல்லப்படாத திருத்தம்

துளையுள்ள கருவி 'பரோக் டிரம்பெட்' என்னும் பெயரிலேயே விற்கப்படுகிறது. அதே பெயரிலேயே இசைத்தட்டு உறைகளில் குறிக்கப்படுகிறது. குறை துளையில் இல்லை, பெயரில் உள்ளது. பார்க்லே 1998இல் ஹிஸ்டாரிக் பிராஸ் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் துளையுள்ள டிரம்பெட்டை ஒரு புதிய இனக்கருவி என வகைப்படுத்தினார். இவ்வகைப்பாடு ஏற்புடையதே. பழையதுபோல் தோன்றும் உடலில் புதியதொரு சுர ஒழுங்கை வைத்துள்ள கருவி அது.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலிருந்து ஒரு சான்று இதனைத் தெளிவாக்கும். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. அடுத்த பாடல்களுக்கு எண்ணை மாற்றி இழப்பை மறைத்திருக்கலாம், அவ்வாறு செய்யப்படவில்லை. சிதைந்த அடிகள் சிதைந்தவாறே புள்ளியிட்டுக் காட்டப்பட்டன. பாட வேறுபாடுகள் பிரதிபேதங்களாகக் குறிக்கப்பட்டன. ஆகவே அப்பதிப்பைக் கற்போர் மூலத்தில் உள்ளது எது, பதிப்பாசிரியர் துணிபு எது என்று பிரித்தறிய முடிகிறது. திருத்துவது பதிப்பாசிரியர்க்கு விலக்கப்பட்டதன்று. திருத்தியதைச் சொல்லாமல் விடுவதே விலக்கப்பட்டது.

துளையிட்ட டிரம்பெட் சொல்லாமல் திருத்திய பதிப்பாகும். அதனைக் கேட்போர் தாம் கேட்பது 18ஆம் நூற்றாண்டின் ஒலி என்று நம்புகின்றனர். அந்நம்பிக்கை நாளடைவில் செவியின் அளவுகோலாகிறது. பிறகு துளையில்லாக் கருவியை ஊதுவோர் மத்தியமத்தைச் சற்றே பிறழ ஒலித்தால், அவர் திறமையற்றவர் என்று கருதும் நிலை ஏற்படுகிறது. திருத்தமே மூலமாகவும் மூலமே பிழையாகவும் இடம் மாறுகின்றன.

இத்தகைய சொல்லாத் திருத்தம் துளையோடு நிற்பதில்லை. பழைய இசைக்குழுக்கள் இன்று பெரும்பாலும் அடிப்படைச் சுருதியாக 415 ஹெர்ட்ஸைக் கொள்கின்றன. இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குச் சரியாக ஓர் அரைச்சுரம் கீழே இருப்பதால் வசதி கருதி இது ஏற்கப்பட்டது. பழங்காலத்தில் சுருதி ஊருக்கு ஊர், கோயிலுக்கு அரண்மனை என்று வேறுபட்டிருந்தது. ஊதுவாயும் பல வேளைகளில் இன்றைய கலைஞரின் பழக்கத்துக்கேற்ப மாற்றப்படுகிறது. பழைய ஊதுவாயின் அகன்ற தட்டையான விளிம்பு இதழ்க்குப் புதியதாகையால் அதனை ஏற்கப் பலர் தயங்குகின்றனர்.

பொருள் இழப்பு

சுரத்தின் பிறழ்ச்சி ஒரு நுண்மைதானே, அதனால் இழப்பது என்ன என்று வினவலாம். பாக் 1723இல் லைப்சிக்கில் அமைத்த 77ஆம் எண் கான்டாட்டாவில் ஒரு தனிப்பாடல் உள்ளது. இறைவன் கட்டளையை நிறைவேற்ற விரும்பியும் தன் அன்பில் குறையே எஞ்சுகிறது என்று வருந்தும் உள்ளத்தை அது பாடுகிறது. அப்பாடலுக்கு ஒற்றை டிரம்பெட் துணைசெல்கிறது. அதன் இசைநடை, இயற்கை டிரம்பெட்டில் செம்மையாக எழாத சுரங்களை மீண்டும் மீண்டும் நாடுகிறது. குறையுள்ள மனிதனின் நிலையைக் குறையுள்ள சுரத்தால் உணர்த்தவே பாக் இவ்வாறு எழுதினார் என்று ஜான் எலியட் கார்டினர் உள்ளிட்டோர் விளக்குவர்.

இப்பாடலுக்கு உரியது நழுவுகுழல் கொண்ட டிரம்பெட்டாக இருக்கலாம் என்னும் கருத்தும் உண்டு. ஆகவே இவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இது ஆராய்ந்து தீர்க்க வேண்டிய வினா என்பதில் ஐயமில்லை. துளையிட்ட கருவி இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. வினா எழவே இடமில்லாமல் செய்துவிடுகிறது. எல்லாச் சுரமும் செவ்விதாக ஒலிக்கும்போது சொல்லுக்கும் சுரத்துக்கும் இடையே இருந்திருக்கக்கூடிய உறவு கண்ணுக்குப் படாமற் போகிறது. அரிய சொல்லை எளிய சொல்லாக மாற்றிய படியில் அச்சொல் பற்றிய ஆய்வே நிகழாதது போன்றது இது.

கைவினையைப் படியெடுத்தல்

துளையின்றிச் செய்வது மட்டும் நேர்ப்படிக்குப் போதுமா என்பது அடுத்த வினா. பார்க்லே 1992இல் வெளியிட்ட 'டிரம்பெட் செய்வோர் கலை' என்னும் பொருள்படும் நூல் இதற்கு வேறொரு விடை தருகிறது. வடிவத்தை அளந்து இயந்திரக் குழாயில் செய்வதைவிட, பழைய வினைஞரின் கருவிகளையும் செய்முறையையும் மீட்டெடுப்பதே சரியான வழி என்பது அதன் அடிப்படை. இக்கொள்கையின்படி அவரும் ரிச்சர்ட் செராஃபினாஃப், மைக்கேல் மூன்க்விட்ஸ் ஆகியோரும் பயிற்சிப் பட்டறைகளை நடத்தினர். ஹன்ஸ் ஹைன்லைன் 1632இல் செய்த கருவியை முன்மாதிரியாகக் கொண்டு, பங்கேற்போர் தட்டையான பித்தளைத் தகட்டிலிருந்து தம் கையாலேயே ஒரு டிரம்பெட்டைச் சில நாள்களில் செய்து முடிப்பர். அவர்களுள் வினைஞரும் உளர், இசைக்கலைஞரும் உளர்.

இம்முறையின் சிறப்பு அது வெளிப்படுத்தும் அறிவில் உள்ளது. மெழுகால் அடைத்த இணைப்பு சோம்பலால் வந்ததன்று, செப்பனிடுதற்கான ஏற்பாடு என்பதைச் செய்து பார்த்தோரே எளிதில் உணர்வர். சுத்தியலால் விரித்த முன்வாயின் கனம் இடத்துக்கு இடம் மாறுவது தவிர்க்கவியலாதது என்பதையும் அவர்கள் அறிவர். இயந்திரத்தில் இழுத்த குழாய் உட்புறம் கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கும். கையால் செய்த குழாயில் நுண்ணிய மேடுபள்ளங்கள் எஞ்சும். இவ்வொழுங்கின்மை, சுரத்தை இதழால் வளைப்பதற்கு இடம் தருகிறது என்று இம்மரபினர் கூறுவர்.

இக்கூற்றைச் சற்று எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும். கையால் செய்த கருவியை ஊதுவோர் பெரும்பாலும் துளையின்றி ஊதவும் பழைய ஊதுவாயைக் கொள்ளவும் நெடிது பயின்றோர். சுரம் வளைவது குழாயின் தன்மையாலா, ஊதுவாயாலா, பயிற்சியாலா என்பதைத் தனித்தனியே பிரித்துக் காட்டிய பின்னரே காரணம் உறுதிப்படும். பித்தளையும் இன்றைய ஆலைப் பித்தளையாக இருக்குமாயின், செய்முறை பழையதாயினும் பொருள் புதியதே. ஆகவே இந்நேர்ப்படியும் ஒரு பதிப்புதான், மூலம் அன்று. ஆயினும் தான் மாற்றியது எது என்பதை எண்ணிச் சொல்லக்கூடிய பதிப்பு அது. அதனால் அது மேம்பட்டது.

துளையில்லாக் கருவியில் இவ்விசையை ஊதவே இயலாது என்னும் வாதமும் இப்போது வலுவிழந்துவிட்டது. பிரெஞ்சுக் கலைஞர் ஜான் பிரான்சுவா மதூஃப் துளையற்ற டிரம்பெட்டிலேயே பாக்கின் இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவை வாசித்துப் பதிவுசெய்துள்ளார். பாசெல் நகரின் ஸ்கோலா கான்டோரும் கல்விக்கூடத்தில் இக்கலையைக் கற்பித்தும் வந்துள்ளார். 1960இல் ஊன்றுகோல் தேவைப்பட்டது என்பது அன்றைய பயிற்சியின் எல்லையைக் காட்டியதேயன்றிக் கருவியின் எல்லையைக் காட்டவில்லை.

துண்டிலிருந்து முழுமை

முழுக்கருவி கிடைக்காத இடத்தில் நேர்ப்படியின் பொறுப்பு இன்னும் மிகுகிறது. ஸ்காட்லாந்தின் டெஸ்க்ஃபோர்டில் 1816 அளவில் காட்டுப்பன்றித் தலைவடிவிலான உலோகப் பகுதி ஒன்று கிடைத்தது. இது இரும்புக்கால மக்களின் கார்னிக்ஸ் என்னும் போர்க்கொம்பின் முன்வாய் ஆகும். குழல் கிடைக்கவில்லை. 1993இல் இசையறிஞர் ஜான் பர்சரின் முயற்சியால் வினைஞர் ஜான் க்ரீட் இதனை முழுக்கருவியாக மீளாக்கினார். டிராம்போன் கலைஞர் ஜான் கென்னி அதனை ஊதினார். இல்லாத குழலுக்கு டென்மார்க்கில் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக்கலத்தில் உள்ள உருவங்கள் துணைநின்றன. அக்கலத்தில் மூவர் இக்கொம்பை நிமிர்த்திப் பிடித்து ஊதுகின்றனர்.

இங்கு ஊகத்தின் பங்கு நியூரம்பெர்க் நேர்ப்படியைவிடப் பன்மடங்கு பெரிது. எனினும் எது தலை, எது ஊகித்த குழல் என்பது எவர்க்கும் தெரியும். மூலத்தலை ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்தில் தனியே காணக் கிடைக்கிறது. இதனை நேர்ப்படி என்பதைவிட மீட்டுருவாக்கம் என்பதே பொருந்தும். 2004இல் பிரான்சின் தென்டின்யாக்கில் ஒரே குழியில் பல கார்னிக்ஸ்கள் கிடைத்தபோது பழைய ஊகங்களைப் புதிய சான்றோடு ஒப்பிட வழி பிறந்தது. வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஊகம் திருத்தத்துக்கு இடம் தரும். மறைத்து வைக்கப்பட்ட திருத்தம், புதிய சான்று வந்தபோதும் தன்னைத் திருத்த இடம் தாராது. ஊகம் மிகுந்த கார்னிக்ஸ் ஆய்வுக்கு உதவுவதும், ஊகம் குறைந்த துளையிட்ட டிரம்பெட் ஆய்வை மயக்குவதும் இதனாலேயே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நேர்ப்படியை மதிப்பிடுவதற்கு மூன்று அளவைகள் கிடைக்கின்றன. எந்த மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டது என்பது கூறப்பட வேண்டும். 'பரோக் வகை' என்னும் பொதுப்பெயர் போதாது. மூலத்தினின்று விலகிய இடங்கள், அவை துளையாயினும் உலோகமாயினும் சுருதியாயினும், பாட வேறுபாடு போலப் பட்டியலிடப்பட வேண்டும். அறிய முடியாத இடம் அறிய முடியாததாகவே காட்டப்பட வேண்டும். இவ்வளவைகள் நிறைவேறுமாயின் துளையிட்ட டிரம்பெட்டும் தன் பெயரோடு, தன் காலத்தின் கருவியாக, மதிப்புடன் நிற்கலாம்.

இவ்வாய்வு தமிழ் ஆய்வாளர்க்குத் தொலைவான ஒன்றன்று. விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இலக்கியச் சான்றுகளையும் சுரக்கணக்கையும் கொண்டு பழந்தமிழரின் யாழை ஆராய்ந்தார். அந்நூலைத் துணைக்கொண்டும் சிற்பங்களை நோக்கியும் யாழை மீண்டும் செய்து இசைக்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டில் நடைபெற்று வருகின்றன. யாழுக்கு முழுமையான மூலக்கருவி எதுவும் எஞ்சவில்லை. ஆதலின் டெஸ்க்ஃபோர்டு கொம்பைப் போன்றே இங்கும் ஊகம் மிகுதி. அவ்வூகங்கள் இன்றே எழுதி வைக்கப்படாவிடின், அடுத்த தலைமுறை இன்றைய வினைஞரின் துணிபைச் சங்க காலத்தின் ஒலி என்று கேட்கும். அதனின்று மாறுபடும் பழைய சான்று ஒன்று பின்னர் கிடைத்தால் அதனையே ஐயுறும். சுவடிப்பதிப்பில் நூறாண்டுக்கு முன்பே தமிழ் ஏற்றுக்கொண்ட ஒழுங்கைக் கருவி மீளாக்கத்துக்கும் விரிப்பதே இதற்குத் தீர்வாகும்.